மினுவும் என் அம்மாவின் சீப்பும்

தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூளை வெந்நீரில் குழைக்கும்போது வரும் பச்சிலை வாசனையோடு நனைந்த நாயின் வாசனையும் கலந்தால் எப்படியிருக்கும் என்று, இந்த ஊரில் என்னளவுக்கு அறிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், பீளமேட்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் 'பொடக்காலி'யில், அதாவது துவைக்கிற கல்லும் குளிக்கிற மறைப்பும் இருந்த பின்பக்கத்தில், வெள்ளிக்கிழமை காலைதோறும் அந்த வாசனைதான் நின்றது. எனக்கென்று காய்ச்சிய வெந்நீரில், எனக்கென்று குழைத்த அரப்பில், மினு என்ற பூடுல் நாய் எனக்கு முன்னால் குளித்துவிட்டுப் போகும். பள்ளிக்கு நேரமாகிவிட்டதே என்று முனகிக்கொண்டு மிச்சத் தண்ணீரில் நான் குளிப்பேன். ஒரு நாயைப் பார்த்து ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். எனக்கு எரிந்தது.

அதற்கு முன் என் காலைகள் முழுக்க அம்மாவின் கையில் இருந்தன. அப்பா பம்புசெட் கம்பெனியில் முதல் ஷிப்டுக்கு ஆறரை மணிக்கே கிளம்பிவிடுவார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அம்மா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, சமையலறைப் பலகையில் உட்கார்ந்து, "வா அம்மணி" என்பார். நான் அவர் முழங்கால்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்காருவேன். எனக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி, அடர்த்தியும் அதிகம். சிக்கெடுத்து, வகிடெடுத்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அம்மா மற்ற நேரங்களில் அதிகம் பேசுகிறவர் இல்லை. சீப்பு கையில் இருக்கும்போது மட்டும், தான் பள்ளிக்கூடம் போன கதை, கல்யாணத்தன்று அழுத கதை, அப்பாவிடம் சொல்லாத சின்னச் சின்ன விஷயங்கள் எல்லாம் என் பின்னந்தலைக்குச் சொல்லுவார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அக்கா தங்கை கிடையாது. அந்த அரைமணி நேரத்தில் பங்கு கேட்க யாருமில்லை என்ற திமிரில்தான் நான் வளர்ந்தேன்.

அம்மாவின் முடி என்னுடையதைவிட நீளம், முழங்காலைத் தொடும். சொந்தக்காரர் கல்யாணங்களில் பெண்கள் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகுதான் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள்.

எங்களுக்கு நாய் வேண்டும் என்று முதலில் சொன்னவர் அப்பா. எதிர்வீட்டுக் கிணற்று மோட்டாரை யாரோ பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மோட்டார் செய்து பிழைக்கிற மனிதருக்கு அது சொந்த அவமானம் மாதிரிப் பட்டுவிட்டது. ராஜபாளையம் நாய்தான் வேண்டும் என்றார். நான் வெள்ளைப் பொமரேனியன் கேட்டேன், எங்கள் வகுப்பில் இரண்டு பேர் வீட்டில் அதுதான் இருந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் நண்பர் ஒருவர், சாயிபாபா காலனியில் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குட்டிகள் வைத்திருப்பதாகச் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம்.

போன இடத்தில் இருந்தவை ராஜபாளையமும் இல்லை, பொமரேனியனும் இல்லை. நாட்டுச்சர்க்கரை நிறத்தில், உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக மயிர் வளர்ந்த நான்கு குட்டிகள் ஒரு மரப்பெட்டிக்குள் புரண்டுகொண்டிருந்தன. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது நாய்ங்களா, ஆட்டுக்குட்டிங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார். மேனேஜர் கோபிக்கவில்லை. குட்டி எடுப்பது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஓடிவந்து மேலே விழுகிற குட்டி வீட்டை ஆட்டிவைக்கும். மூலையில் ஒடுங்கிக் கிடப்பது எதற்கும் பயப்படும். வந்து மோந்து பார்த்துவிட்டு, நாம் கூப்பிட்டால் மறுபடி வருகிறதே, அதை எடுங்கள் என்றார். காதைத் திருப்பி வாசனை பார்க்கவும், மல்லாக்கப் பிடித்தால் சிறிது துள்ளிவிட்டு அடங்குகிறதா என்று பார்க்கவும் சொன்னார். கடைசியாகத்தான் அந்த விஷயத்தைச் சொன்னார்: இந்த ஜாதிக்கு மயிர் உதிராது, நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், தினமும் வேர்வரைக்கும் சீவ வேண்டும், மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒருதரம் கத்தரிக்க வேண்டும், சோம்பல்பட்டால் நாய்க்குத்தான் கஷ்டம்.

அப்பா 'சரி, கிளம்பலாம்' என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அதே நேரத்தில் அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். தினமும் சீவ வேண்டும் என்றதும் அந்த முகத்தில் ஒரு ஆசை வந்தது. அதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு குட்டியை மடியில் எடுத்து, அதன் காதுக்குப் பின்னால் விரலை விட்டுச் சுருளைப் பிரித்துக்கொண்டே, "இதையே எடுத்துக்கலாமுங்க" என்றார். அம்மா ஒன்று வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டு அதற்குமுன் நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் சொன்னதெல்லாம், "திருடன் வந்தா இதையுஞ் சேத்துத் தூக்கிட்டுப் போயிருவான்" என்பதுதான்.

பெயர் வைத்தது அடுத்த அடி. என் பெயர் செல்லாத்தாள், குலதெய்வத்தின் பெயர். மூத்த பிள்ளைக்கு அதுதான் வைக்க வேண்டும் என்று அப்பா வீட்டில் ஒரே பிடியாக நின்று வைத்தது. அம்மா தன் மனதில் வேறொரு பெயரை வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "மினுன்னு கூப்புடலாம். உனக்கு வெக்கலாம்னு நெனச்சிருந்த பேரு கண்ணு, சும்மாதான இருக்குது" என்றார். எனக்கு வந்திருக்க வேண்டிய பெயர் என் கண்ணெதிரில் வாலாட்டிக்கொண்டு போனது.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து காலை அரைமணி நேரம் இரண்டாகப் பிரிந்தது. பதினைந்து நிமிடம் அதற்கு, பதினைந்து நிமிடம் எனக்கு. பிறகு இருபது, பத்து. இரண்டு மாதத்தில் அம்மா, "பெரிய புள்ளையாயிட்ட, நீயே சீவிக்க மாட்டியா? அதுக்குக் கையா காலா" என்றார். அதற்கு நான்கு கால் இருந்தது என்பதை நான் சுட்டிக்காட்டியபோது சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி அதன் வயிற்றுப்பக்கத்தைச் சீவப் போய்விட்டார். நான் ஒற்றைச் சடையை எப்படியோ முறுக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அந்தக் கதைகளெல்லாம் இப்போது யாருக்குச் சொல்லப்படுகின்றன என்று ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மா கல்யாணத்தன்று அழுத கதையை நாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். இருந்தும் அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

மினுவின் சுருள்கள் வளர வளரச் சிக்கு விழுந்தது. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மாதம் ஒரு தகரம் தேங்காயெண்ணெயோடு வருவார். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மசுரு காஞ்சு கெடக்குது பாரு, எண்ணெய வெய்யி, தன்னால நழுவும்" என்றார். இந்தப் பக்கத்தில் தலைமுடிக்கு எந்தக் குறை வந்தாலும் எண்ணெயும் அரப்பும்தான் மருந்து. நாயின் மயிருக்கு வேறு சட்டம் இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் அப்படித்தான் தொடங்கியது. குளித்து முடித்தால் மினு சந்தனம் தேய்த்த மாதிரி மினுமினுக்கும். ஆனால் அந்தச் சுருளுக்குள் போன எண்ணெயும் அரப்பும் முழுதாக வெளியே வராது. அம்மா தினமும் அடிவரை சீப்பை விட்டு இழுத்ததால் மட்டுமே அது அன்றன்றைக்குச் சரியாகிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழைக்காலத்தில் அம்மா பொடக்காலியின் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு வாரம். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது என்னிடம்தான்: "மினுவ நீ பாத்துக்குவியா கண்ணு? வேரோட சீவோணும்." நான் தலையாட்டினேன். என் சடையை இனி யார் பின்னுவார்கள் என்று அவர் கேட்பார் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

செய்ததைச் செய்தபடி சொல்லிவிடுகிறேன். நான் சீவினேன், ஆறு வாரமும் ஒருநாள் தவறாமல் சீவினேன், ஆனால் மேலாகச் சீவினேன். பூடுலின் மயிரில் அப்படி ஒரு வசதி உண்டு: மேல் ஒரு அங்குலத்தைச் சீவிவிட்டால் பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும், அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு நாள் சோம்பல் என்று சொல்லலாம். மூன்றாம் நாள், சீப்பின் நுனி அடியில் ஒரு கட்டியில் தட்டியது, மினு சிணுங்கியது. நான் சீப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மறுபடி மேலாகவே விட்டேன். அப்போது என் மனதில் இருந்தது சோம்பல் இல்லை. இது அலங்கோலமாகட்டும், அம்மாவுக்கு இதன்மேல் ஆசை விட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அம்மா மாலையில் அதை மடியில் போட்டு இடது கையால் தடவுவார். மேலெல்லாம் மெத்தென்று இருக்கும். "நல்லா சீவியிருக்கற" என்பார். அந்த ஆறு வாரத்தில் அம்மாவிடம் நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான், அதையும் ஏமாற்றி வாங்கினேன்.

இதில் எனக்குத் தாங்க முடியாமல் போனது மினுவின் நடத்தை. அம்மா சீவினால் அதற்கு வலிக்கும், முனகும், ஓடப் பார்க்கும். நான் சீவினால் வலிக்காது. அதனால் நான் சீப்பை எடுத்தாலே வாலாட்டிக்கொண்டு வந்து என் மடியில் தானாக ஏறிப் படுத்துக்கொள்ளும். வலிக்காமல் சீவுகிறவள் என்று அது என்னை நம்பிவிட்டது.

மாவுக்கட்டுப் பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு அது சாப்பிடவில்லை. வீட்டில் ஒரு கெட்ட வாடை. அம்மா அதன் முன்னங்காலுக்கு அடியில் இடது கை விரல்களை நுழைத்தார், நுழையவில்லை. மேல் மயிரை விலக்கிப் பார்த்தால் அடியில் எண்ணெயும் அரப்பும் மழை ஈரமும் சேர்ந்து, மயிர் முழுக்கக் கம்பளியாக இறுகி, தோலோடு ஒட்டியிருந்தது. கால்நடை மருத்துவர் மெஷினை வைத்து அதை ஒரே துண்டாக உரித்தெடுத்தார். கீழே இருந்த தோல் செக்கச் செவேலென்று இருந்தது. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் புழு வைத்திருந்தது. மயிரில்லாத மினு ஒரு எலும்புக்கூடு அளவுக்குத்தான் இருந்தது. "எண்ணெய் யாருங்க வெச்சது?" என்று டாக்டர் கேட்டார். "நாந்தானுங்க" என்றார் அம்மா. "எண்ணெய்தான் புடிச்சு வெச்சுட்டுது. காய்ச்சல் அதிகமா இருக்குது, மூணு நாள் தாண்டுனாப் பாக்கலாம்" என்றார் டாக்டர். மேசைக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதார். வாயில்லாத ஜீவனை எண்ணெய் வைத்தே கெடுத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு சாமி படத்துக்கு முன்னால் நின்று, இது பிழைத்தால் குலதெய்வத்துக்கு முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார். மூன்று நாள் தாண்டியது. பத்தாம் நாள் மினு பால்சோறு தின்றது.

அப்பாவுக்குக் கோபம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேண்டுவார்கள், மாடு கன்று போட்டால் வேண்டுவார்கள், "நாய்க்காக மொட்டையடிச்சுக்கிட்டாளாம்னு ஊர்ல சிரிக்க மாட்டாங்களா" என்றார். அத்தை சமாதானத்துக்கு வந்து, பொம்பளைகள் முடி நுனியில் மூன்று அங்குலம் வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும், சாமி ஏற்றுக்கொள்ளும் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "முழுசா வேண்டிப்போட்டேனுங்க. முழுசாத்தான் குடுக்கோணும்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளகோவில் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். தை மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் போனோம். வேப்பமரத்தடியில் முடி இறக்குகிறவர் அம்மாவின் கொண்டையை அவிழ்த்ததும், பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது மண்ணைத் தொட்டது. அவரும் தயங்கி, "பூமுடி போதாதுங்களா அம்மா?" என்று ஒருதரம் கேட்டார். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. எண்ணெய் இல்லை, நான்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும்; தன் தப்பு இல்லையென்று தெரிந்தால் அம்மா எழுந்துவிடுவார், அந்த முடி அவர் தலையிலேயே இருக்கும். சொன்னால் அம்மாவின் கை என் தலையில் இனி எப்போதும் படாது என்று பயந்தேன். தண்ணீர் தெளித்தார்கள். பிறகு கத்தியின் சத்தம் கேட்டது. நான் மினுவின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கம். மினுவுக்கு மயிர் இல்லை, அம்மாவுக்கு முடி இல்லை, வீட்டில் சீவுவதற்கு இருந்தது என் தலை ஒன்றுதான். மாவுக்கட்டுப் பிரித்த கைக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மறுநாளே அம்மா பலகையைப் போட்டு, "வா அம்மணி" என்றார். மூன்று மாதம், அரைமணி நேரம் முழுதாக எனக்கே கிடைத்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவர் என் பின்னால் உட்கார்ந்து கதை சொல்லுவார், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நான் சந்தோஷமாக இருந்தேன். செய்த காரியம் உறுத்தியது, ஆனால் சந்தோஷம் உறுத்தலைவிடப் பெரிதாக இருந்தது. சித்திரையில் மினுவுக்குச் சுருள் திரும்பி வந்தது. அம்மா எண்ணெயைத் தொடாமல், பழையபடி வேரோடு சீவ ஆரம்பித்தார். நான் பழையபடி ஒற்றைச் சடைக்குத் திரும்பினேன்.

மினு அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தது. கடைசி மூன்று வருடம் நான் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மாவின் போனில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக்குக் கண்ணாடி வைத்த அலுவலகம் இருக்கிறது, பொடக்காலி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அப்பா இல்லை, அத்தை இல்லை. அவினாசி ரோட்டில் ஏசி போட்ட கடைகளில் பூடுல்களை மேசையில் நிறுத்தி, காற்று அடித்து உலர்த்தி, பொம்மை மாதிரி வெட்டி அனுப்புகிறார்கள். எண்ணெய் வைக்கக் கூடாது என்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவின் முடி மட்டும் திரும்பி வரவே இல்லை. வந்தது தோளோடு நின்றுவிட்டது, அதுவும் மெலிந்து நரைத்து. கல்யாண வீடுகளில் அதை யாரும் இப்போது தூக்கிப் பார்ப்பதில்லை.

அம்மா இப்போது என்னோடு, அதே பீளமேட்டில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார். போன மாதம் மேல்வீட்டில் ஒரு பூடுல் குட்டி வாங்கினார்கள். அந்த வீட்டுப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, எப்படிச் சீவுவது என்று அம்மாவிடம் கேட்டாள். எழுபது வயதில் அம்மா தரையில் உட்கார்ந்து, குட்டியை மடியில் போட்டு, மயிரை வரிவரியாகப் பிரித்துத் தோல் தெரியக் காட்டி, "வேரோட சீவோணும் கண்ணு" என்று சொல்லிக்கொடுத்தார். நான் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், குழம்பு அடிப்பிடித்தது. நாற்பத்திரண்டு வயதாகிறது எனக்கு. அதே எரிச்சல், அதே இடத்தில், ஒரு குறையும் இல்லாமல் வந்து நின்றது.

அந்தப் பெண் மாடிக்குப் போனதும் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எண்ணெய் மட்டும் காரணமில்லை, ஆறு வாரமும் நான் வேண்டுமென்றேதான் மேலாகச் சீவினேன் என்று சொன்னேன்.

அம்மா மடியில் கசங்கியிருந்த சேலையை நீவிவிட்டார். பிறகு, "நாந்தான் அதைக் கொல்லப் பாத்தேன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏங்கண்ணு அப்படிப் பண்ணுன?"

"நீங்க அதுக்கு மட்டும் சீவுனீங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையை நீட்டி, கிளிப்பில் அடங்காமல் என் காதோரம் விழுந்திருந்த முடியைப் பின்னுக்கு ஒதுக்கினார். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்கார வெச்சுச் சீவியிருப்பனே" என்றார்.

மன்னித்துவிட்டார் என்று புரிந்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் அந்த 'ரெண்டு பேரையும்' என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. உனக்கு மட்டும் சீவியிருப்பேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.